கோடாங்கி கேட்கிற கேள்வியும் இடைவேளைக்குப் பிறகு வரும் பிளாஷ்பேக்கும்

கேள்வி இதுதான்: வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், பூட்டிக் கிடக்கும் அறை, பாழடைந்த பங்களா என்று பேய்ப்படத்தில் வருவதெல்லாம் பாட்டி காலத்துக் கதையில் ஏற்கெனவே இருப்பதுதானே, இவ்வளவு பழகிய பிறகும் தியேட்டரில் ஏன் பயம் வருகிறது? அதிலும் நம்ம ஊர்ப் படங்களில் இடைவேளைக்கு அப்புறம் அந்தப் பயம் ஏன் காணாமல் போகிறது?

இரண்டாவது கேள்விதான் ருசியானது. ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அங்கே போக முடியாது, கொஞ்சம் பொறுங்கள்.

பழகிப்போனதால்தான் பயமே வருகிறது. மதுரையைச் சுற்றி, உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ எங்கே போய்க் கேட்டாலும், பெரியவர்கள் சொல்லும் பேய்க்கதையில் முக்கால்வாசி கட்டுப்பாடுகள்தான். உருமத்தில், அதாவது உச்சிவெயில் நேரத்தில், கண்மாய்க்கரைப் பக்கம் தனியாகப் போகாதே. கறிச்சோறு எடுத்துக்கொண்டு கருக்கலில் கிளம்பினால் தூக்குவாளியோடு ஒரு அடுப்புக்கரித் துண்டையாவது சேர்த்து எடுத்துப் போ. ராத்திரி யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே குரல் கொடுத்துவிடாதே. முனிப்பாய்ச்சல், அதாவது முனி நடமாடும் தடம், இருக்கிற இடத்தில் வீடு கட்டாதே. இதில் எதிலுமே பேய் எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது, கவனியுங்கள். நீ என்ன செய்யக் கூடாது என்பது மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் கதை தொடங்கும்: ஒருத்தன் அதைச் செய்கிறான். கேட்டுக்கொண்டிருக்கிற நமக்கு விதி தெரியும், கதைக்குள் நடந்து போகிறவனுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் திமிராகப் போகிறான். அந்த இடைவெளியில்தான் வயிறு பிசைகிறது.

சினிமா எடுத்துக்கொண்டது இதைத்தான். 2005ல் வந்த சந்திரமுகியில் அந்த அறை திறக்கும்போது உள்ளே பேய் ஒன்றும் பாய்ந்து வரவில்லை, தூசியும் ஓவியமும் பழைய நகைகளும்தான் இருக்கின்றன. ஆனாலும் சாவி பூட்டுக்குள் நுழையும்போதே தியேட்டர் அடங்கிவிடும். 'மற்ற மூணு திசைக்கும் போ, வடக்கே மட்டும் போகாதே' என்று ராஜா மகனிடம் சொல்லும் நாட்டுப்புறக் கதையை நாலு கேட்டவனுக்கு, அந்தப் பூட்டு என்ன செய்யப்போகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையை ஒருமுறை பேய்க்கதையாக நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு நடந்து வருகிறார்கள். வழியில் பார்த்த ஒரு மறையவர், இந்தக் காட்டில் மயக்குகிற தெய்வம் ஒன்று உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். கோவலன் தண்ணீர் தேடித் தனியாக ஒரு நீர்நிலைக்குப் போகிறான். அங்கே ஒரு பெண், அழுதுகொண்டே காலில் விழுகிறாள், பார்த்தால் மாதவியின் தோழி வயந்தமாலை! மாதவி என்மேல் பழி போட்டாள், நான் வணிகக் கூட்டத்தோடு சேர்ந்து இங்கே வந்துவிட்டேன் என்று நம்பும்படியாக ஒரு கதையும் சொல்கிறாள். கோவலனுக்கு அந்த மறையவர் சொன்னது நினைவுக்கு வருகிறது, கொற்றவையின் மந்திரத்தைச் சொல்லிப் பார்க்கிறான். உடனே அவள், 'நான் வனசாரிணி, மயக்கினது நான்தான், உன் மனைவியிடமும் அந்தப் புண்ணியவதியிடமும் சொல்லிவிடாதே' என்று சொல்லிவிட்டு மறைகிறாள். முதலில் எச்சரிக்கை, பிறகு தனிமை, தெரிந்த முகத்தில் வரும் தெரியாத ஒன்று, அதைச் சோதிக்க ஒரு வழி, கடைசியில் அதுவே தன் பெயரைச் சொல்வது. இன்றைக்கு ஒரு உதவி இயக்குநர் கதை சொல்லப் போனாலும் இதே வரிசையில்தான் சொல்வார். அந்தக் கடைசிப் படி, பேய் தானே பெயரைச் சொல்வது, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மணிமேகலையிலும் ஒரு காட்சி உண்டு, இதைவிடக் கொடூரமானது. சார்ங்கலன் என்கிற சிறுவன் தனியாகச் சுடுகாட்டுக்குள் போய்விடுகிறான், அங்கே ஒரு பேய்மகள் செத்தவரின் தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைப் பார்க்கிறான், வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். பேய் அவனைத் தொடவே இல்லை. பார்த்ததே போதும். மதுரைக்காஞ்சியில், நடுச்சாமத்தில் இந்த ஊர்த் தெருக்களில் பேயும் அணங்கும் உருவெடுத்துச் சுற்றும் என்று வருகிறது, அந்த நேரத்திலும் திருடனைத் தேடி அலைந்த காவலர்களைப் புலவர் பாராட்டுகிறார். சங்க காலத்திலேயே மதுரைக்கு நைட் ஷிஃப்ட் இருந்திருக்கிறது.

அடுத்தது சாட்சி. ராஜா கதைதான் 'ஒரே ஒரு ஊர்ல' என்று தொடங்கும். பேய்க்கதை அப்படித் தொடங்காது. நாகமலை தாண்டிப் போகிற ரோட்டில் இடது பக்கம் மூணாவது புளியமரம், பார்த்தது எங்க சித்தப்பாவோட கூட்டாளி, அந்த ஆளுக்கு அதுக்கப்புறம் மூணு மாசம் காய்ச்சல், மந்திரித்துத் திருநீறு போட்ட பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார் என்று போகும். இடம் துல்லியமாக இருக்க வேண்டும், சாட்சி நமக்குப் பாதி தெரிந்தவராக இருக்க வேண்டும், முழுசாகத் தெரிந்தவராக இருந்தால் போய்க் கேட்டுவிடலாம், அதனால் கூடாது. 1999ல் வந்த பிளேர் விட்ச் புராஜக்ட் இந்த ஒன்றை வைத்தே முழுப்படத்தையும் ஓட்டியது. காட்டுக்குள் போய்க் காணாமல் போன மூன்று மாணவர்கள் எடுத்த வீடியோ இதுதான் என்று சொல்லி, ஆடும் கேமராவில் காட்டினார்கள், இணையதளத்திலும் அவர்களைக் காணவில்லை என்றே போட்டார்கள். சூனியக்காரியைக் கடைசிவரை காட்டவே இல்லை. அது அப்படியே சித்தப்பாவின் கூட்டாளி சொன்ன கதை.

தமிழில் இதை எல்லோரையும்விடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது 2012ல் வந்த பீட்சா. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) பீட்சா கொடுக்கப் போன பையன் ஒரு பங்களாவில் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டை நாம் பார்க்கிறோம், நடுங்குகிறோம், கடைசியில் அது முழுக்க அவன் கட்டிய கதை என்று தெரிகிறது. நாம் நம்பினது பேயை இல்லை, நடுநடுங்கிக்கொண்டு வேர்வையோடு சொல்லும் ஒரு ஆளை. இயக்குநர் கார்த்திக் சுப்புராஜ் மதுரைக்காரர். இப்படிச் சாட்சி சொல்லும் ஆட்களை டீக்கடை பெஞ்சில் பார்த்து வளர்ந்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு, ஆதாரமெல்லாம் கேட்காதீர்கள்.

சத்தத்துக்கு வருவோம். எங்கள் அப்பத்தா பேய்க்கதை சொல்லும்போது குரல் இறங்கிக்கொண்டே போகும், கடைசியில் கேட்பதற்கே நாங்கள் முன்னால் சாய வேண்டியிருக்கும், அப்போது பார்த்துப் பக்கத்தில் இருக்கிறவன் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிடும். இதற்குச் சினிமாவில் பெயரே உண்டு. 1942ல் வந்த கேட் பீப்பிள் படத்தில் ஒரு பெண் இரவில் பூங்கா ஓரமாக நடந்து போகிறாள், பின்னால் செருப்புச் சத்தம் தொடர்கிறது, திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது, அவள் ஓடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், ஒன்றும் இல்லை, அப்போது சீறிக்கொண்டு திரைக்குள் ஏதோ பாய்கிறது: பஸ்! வெறும் டவுன் பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இதை லூட்டன் பஸ் என்கிறார்கள். இதில் வேலை செய்தது பஸ் இல்லை, செருப்புச் சத்தம் நின்றுபோன அந்த இரண்டு விநாடி. இப்போது வரும் பல படங்கள் குரலை இறக்குகிற வேலையைச் செய்யாமல் நேராகக் கிள்ளுகின்றன, பத்து நிமிஷத்துக்கு ஒரு 'டமார்'. அதற்குப் பெயர் பயம் இல்லை, திடுக்கிடல். பட்டாசு வெடித்தாலும் அது வரும்.

வாசனையை மட்டும் சினிமாவால் பிடிக்க முடியவில்லை. நம் மோகினிக் கதைகளில் முதலில் வருவது மல்லிகைப்பூ வாசம்தான். மல்லிகைக்குப் பேர்போன ஊரில் பூ வாசத்துக்கு யார் பயப்படுவார்கள்? ஆனால் பூந்தோட்டமும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் பொட்டல், அங்கே குப்பென்று வாசம் அடித்தால்? அந்த இடத்தைச் சினிமா பாட்டை வைத்து நிரப்பியது. 1949ல் இந்தியில் வந்த மஹல் படத்திலிருந்தே, இருட்டு மாளிகையில் எங்கிருந்து என்று தெரியாமல் ஒரு பெண் குரல் பாடுவது வழக்கமாகிவிட்டது. தமிழில் 1966ல் வந்த யார் நீ படத்தின் 'நானே வருவேன்' அந்த வழியில் வந்ததுதான். ஒரு வேடிக்கை, மஹல், யார் நீ இரண்டிலும் கடைசியில் பேய் கிடையாது, மனுஷர்கள் ஆடிய நாடகம். அந்தக் காலத்து சினிமா நம்மைப் பயமுறுத்திவிட்டு, பேய் எல்லாம் பொய் என்று புத்தியும் சொல்லி வீட்டுக்கு அனுப்பியது. சந்திரமுகி இன்னொரு தந்திரம் செய்தது: இது மனநோய் என்று டாக்டர் விளக்கிவிடுவார், ஆனாலும் பேயோட்டும் சடங்கு நடக்கும். இரண்டு பக்கமும் திருப்தி.

காட்டுவது எப்போதுமே சிக்கல். பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சோறு பொங்கும் என்று கதையாகக் கேட்டால் முதுகு சில்லிடும். விட்டலாச்சார்யாவின் ஜகன்மோகினியில் அதைத் திரையில் காட்டினார்கள், ஊரே சிரித்து ரசித்தது, இன்றைக்கும் அந்தக் காட்சியைச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். தாய்லாந்தில் மே நாக் என்று ஒரு கதை இருக்கிறது, திரும்பத் திரும்பப் படமாக எடுத்திருக்கிறார்கள். போருக்குப் போன கணவன் திரும்பி வருகிறான், பிரசவத்தில் செத்துப்போன மனைவி செத்தது தெரியாதபடி அவனோடு குடும்பம் நடத்துகிறாள். ஒருநாள் சமைக்கும்போது எலுமிச்சம்பழம் தரையின் பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடுகிறது, அவள் இருந்த இடத்திலிருந்தே கையை நீளமாக நீட்டி எடுக்கிறாள். கை நீள்வது ஒன்றுதான் வித்தியாசம், மற்றதெல்லாம் சாதாரணச் சமையல். நம் கதைகளில் 'கால் தரையில் படவில்லை' என்று சொல்வதும் இதே அளவுதான். முழு உருவத்தையும் மேக்கப் போட்டுக் கிட்டத்தில் காட்டுகிற படத்துக்கு இது புரிவதில்லை.

சரி, இடைவேளை.

கோடாங்கி பேய் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? உடுக்கையை அடித்துக்கொண்டே அவர் முதலில் கேட்பது 'யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இந்தப் புள்ளையப் பிடிச்ச?' என்பதுதான். பேய் லேசில் சொல்லாது. மிரட்டுவார், கெஞ்சுவார், வேப்பிலையால் அடிப்பார். கடைசியில் அந்தப் பெண் வாயிலிருந்து கதை வரும்: நான் இன்னாருடைய மகள், இந்தக் கிணற்றில் விழுந்து செத்தேன், இன்னார் என்னை ஏமாற்றினார். அப்புறம் பேரம். உனக்கு என்ன வேணும்? கறியும் சோறும், ஒரு சேலை, சுருட்டு. வாங்கிக்கொண்டு போய்விடுவதாகச் சத்தியம் செய்த பிறகு, உச்சிமுடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். அந்த முன்கதை வந்ததும் கூட்டத்தின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதுவரை பயந்து விலகி நின்ற பெண்கள் 'அய்யோ பாவம்' என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

தமிழ்ப் பேய்ப்படத்தின் இரண்டாம் பாதி அப்படியே இதுதான். முதல் பாதி பிடிப்பது, இரண்டாம் பாதி விசாரணை. காஞ்சனாவில் பேய் பிடித்தவர் இடைவேளைக்குப் பிறகு தன் கதையைச் சொல்கிறார், நிலத்துக்காகக் கொன்றார்கள் என்று தெரிகிறது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு நாம் பேயின் கட்சி. வில்லனை எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறோம். இது எழுதத் தெரியாததால் வந்த கோளாறு என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பேய் என்றால் நமக்கு அகாலத்தில் செத்த ஒரு ஆள், அநேகமாக அநியாயத்தில் செத்த ஆள். பழையனூர் நீலியும் அதுதான், கணவன் கொன்ற மனைவி, திரும்பி வந்து ஊர்ச் சபையில் நியாயம் கேட்டுத்தான் பழி வாங்குகிறாள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் இன்று காவல் தெய்வம். எங்கள் பக்கம் எத்தனையோ கிராமத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவருக்குக் கல் நட்டுப் பட்டவன் சாமி என்று கும்பிடுகிறார்கள். கதை தெரிந்துவிட்டால் பேய் சாமியாகிவிடும், சாமியிடம் வேறு மாதிரிப் பயம்தான் உண்டு.

மேல்நாட்டிலும் இதே சூத்திரம்தான் இருந்தது. சுமார் 1,900 வருஷத்துக்கு முன்னால் பிளினி என்கிற ரோமானியர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: ஏதென்ஸில் ஒரு வீடு, வாடகை ரொம்பக் குறைவு, ராத்திரியானால் சங்கிலிச் சத்தம். ஒரு தத்துவ ஞானி துணிந்து குடிவருகிறார், பேய் அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறது, தோண்டினால் சங்கிலி கட்டிய எலும்புகள், முறைப்படி அடக்கம் செய்கிறார்கள், பேய் அதற்கப்புறம் வரவில்லை. குறைந்த வாடகையில் தொடங்கி எலும்பில் முடியும் எத்தனை படம் பார்த்திருப்போம்!

1998ல் ஜப்பானிலிருந்து வந்த ரிங்கு இந்த இடத்தில்தான் வெட்டியது. (இதுவும் முடிவைச் சொல்வதுதான்.) ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர்கள் ஏழு நாளில் சாகிறார்கள். கதாநாயகி தேடித் தேடி, கிணற்றுக்குள் தள்ளப்பட்ட பெண்ணின் எலும்பைக் கண்டுபிடித்து எடுக்கிறாள். பாவம் அந்தப் பெண், இனி சாந்தியாகிவிடும் என்று படத்தில் இருக்கிறவர்களும் நம்புகிறார்கள், நாமும் நம்புகிறோம். மறுநாள் டிவிக்குள்ளிருந்து அது ஊர்ந்து வெளியே வருகிறது. விசாரணை முடிந்தது, அடக்கமும் ஆயிற்று, ஆனால் கோபம் தீரவில்லை. ஏதென்ஸ் காலத்திலிருந்து பார்வையாளனுக்குக் கொடுத்து வந்த வாக்கை ஒரே காட்சியில் முறித்துவிட்டார்கள். வெள்ளை உடை, முகத்தை மறைக்கும் கூந்தல், கிணறு எல்லாமே ஜப்பானியப் பேய்க்கதையில் ஏற்கெனவே இருந்தவை, இந்த முறிவு மட்டும்தான் புதுசு. மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் வைத்திருந்ததால்தான் அது அந்த அளவுக்குக் குத்தியது. 1973ல் வந்த எக்ஸார்சிஸ்ட் வேறு வழி. அங்கேயும் பாதிரியார் பெயர் கேட்பார், ஆனால் பிடித்திருப்பது செத்த மனுஷி இல்லை, பிறக்காத, சாகாத பிசாசு. அதற்கு முன்கதை கிடையாது, பேரம் படியாது, அய்யோ பாவம் சொல்ல வழியே இல்லை.

பிடிபடுவது யார் என்பதையும் பாருங்கள். ஊரில் பேய் பிடிப்பது பெரும்பாலும் புதுசாகக் கட்டிக்கொடுத்த பெண்களைத்தான். மாமியார் வீட்டில் தன் வாயால் சொல்ல முடியாததை எல்லாம் பேய் வாயால் சொல்லிவிடலாம், அன்றைக்கு ஒருநாள் ஊரே உட்கார்ந்து கேட்கும். சந்திரமுகி தொடங்கி எத்தனையோ படங்களில் இது மட்டும் மாறவில்லை, காஞ்சனா ஒரு ஆணைப் பிடிக்க வைத்தது அந்த வகையில் நல்ல திருப்பம்தான். சிரிப்பும் பேயும் சேர்ந்து வருவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். விடிய விடிய நடக்கும் அரிச்சந்திரன் மயான காண்டம் நாடகத்தையே பபூன் இல்லாமல் பார்க்காத ஊர் இது, எனக்கு அதில் புகார் இல்லை.

எனக்கு இருக்கும் ஒரே புகார் உருமத்தைப் பற்றி. நம் பக்கத்துப் பேய்க்குப் பன்னிரண்டு மணி என்றால் பகல் பன்னிரண்டும் சேர்த்தி. கத்திரி வெயில், ஆள் நடமாட்டம் இல்லாத கண்மாய், பனைமரத்து நிழல் காலுக்கடியில் சுருங்கிக் கிடக்கும், காற்றே இருக்காது. இருட்டில் பயமுறுத்த யாராலும் முடியும், எல்லாம் தெரிகிற வெளிச்சத்தில் பயமுறுத்துவதுதான் வித்தை. அதன் கிட்டே வந்தது என்று எனக்குத் தெரிந்து 2009ல் வந்த யாவரும் நலம். பாழடைந்த பங்களா இல்லை, புத்தம்புது அபார்ட்மென்ட். பால் தினமும் கெட்டுப்போகிறது, லிஃப்ட் கதாநாயகனுக்கு மட்டும் வேலை செய்யவில்லை, பெண்கள் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காரும் மதிய நேரத்தில் ஒரு சீரியல், அதில் நடப்பது இந்த வீட்டில் நடக்கிறது. பால் காய்ச்சிக் குடிபோகிற ஊரில் பால் கெடுவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று விளக்க வேண்டியதே இல்லை. கிராமத்து உருமத்தை அப்படியே அபார்ட்மென்ட் ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வீட்டில் லேப்டாப்பில் பார்த்தால் பயமே வரவில்லை என்கிறவர்களுக்கு ஒன்று. அப்பத்தா கதை சொல்லும்போது நடுவில் நிறுத்த முடியாது, எழுந்து போகவும் முடியாது, ஏனென்றால் வெளியே இருட்டு. தியேட்டரிலும் அப்படித்தான். லேப்டாப்பில் பாஸ் பட்டன் இருக்கிறது, விதியை நீங்களே கையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், பிறகு எப்படிப் பயம் வரும்? போனை வேறு அறையில் போட்டுவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, எங்கேயும் நிறுத்தாமல் பாருங்கள். யாவரும் நலத்தை மட்டும் ராத்திரியில் பார்க்காதீர்கள், சாப்பிட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குப் பாருங்கள்.